தாத்தாவோட தகரப்பெட்டி: ஒரு ராஜபார்ட் நடிகரோட பேப்பரையெல்லாம் என்னங்க பண்றது?

ராஜபார்ட்_பேரன்:

வணக்கம். நாலு வருஷமா இங்க சத்தமில்லாம படிச்சுட்டுப் போற ஆளு, மொத தடவையா இழை ஆரம்பிக்கிறேன், தப்பான பகுதில போட்டிருந்தா மாத்தி விடுங்க.

எங்கம்மாவோட அப்பா ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம். சினிமா பக்கமே போகல, அதனால உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது, ஆனா புதுக்கோட்டை, மணப்பாறை, திண்டுக்கல் பக்கம் எழுபது வயசு தாண்டின ஆளுங்ககிட்ட பேரைச் சொன்னா "அட, அவரு பேரனா"னு டீ வாங்கிக் குடுப்பாங்க. வள்ளி திருமணத்துல வேலன், பவளக்கொடில அர்ஜுனன், கோவலன்ல கோவலன், இதெல்லாம் அவரோட ரெகுலர் வேஷம். போன மாசம் பழைய வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி பரணைக் காலி பண்ணோம், ஒரு தகரப்பெட்டி இறங்குச்சு, பூட்டு துருப்பிடிச்சு உடைச்சுத்தான் தொறந்தோம்.

உள்ள இருந்தது: நாடக நோட்டீஸ் ஒரு இருநூறாவது இருக்கும் (ரோஸ், மஞ்சள், பச்சை, பாதி சாணிக் கலராயிடுச்சு), கையால எழுதின பாட்டு நோட்டு 6, கணக்கு நோட்டு 4, டேட் எழுதி வச்ச டைரி கொஞ்சம், ஏஜெண்டுங்க எழுதின கார்டு, திருச்சி ரேடியோ ஸ்டேஷன்ல பாடினதுக்கு வந்த கான்ட்ராக்ட் ஃபாரம் ரெண்டு, போலீஸ் பர்மிஷன் பேப்பர் ஒண்ணு, டைலர் பில்லு, அடகுக்கடை சீட்டு, பாட்டியோட ஆஸ்பத்திரி சீட்டு, எங்கம்மா அஞ்சாங்கிளாஸ் ரேங்க் கார்டு, அப்புறம் ஒரு மஞ்சத்துணியில சுத்தின லெட்டர் கட்டு. அந்தக் கட்டுதான் பிரச்சனை. ஒரு ஸ்திரீபார்ட் அம்மா (கதாநாயகி வேஷம் கட்டறவங்க) எழுதினது. நாப்பதுக்கு மேல இருக்கு.

பெரியம்மா அதைப் பார்த்ததும் அடுப்புல போடுனு சொல்லிட்டாங்க. நடுவுல பழைய சாமான் வாங்கற ஒருத்தர் மோப்பம் பிடிச்சு வந்து நோட்டீஸ் மட்டும் பதினஞ்சாயிரத்துக்கு எடுத்துக்கறேன், மிச்சதெல்லாம் குப்பைனு சொல்றாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. ஏற்கனவே பூச்சி அரிச்சிருக்கு. யாராவது வழி சொல்லுங்க.

மொக்கை_மாயாண்டி:

பதினஞ்சாயிரமா? பெட்டியோட குடுத்துட்டு நல்ல ஃபோனா வாங்குங்க பாஸ். சும்மா சொன்னேன், அடிக்காதீங்க. மொதல்ல எல்லாத்தையும் மொட்டை மாடியில வெயில்ல காய வைங்க, பூச்சி ஓடிடும், அப்புறம் லேமினேஷன் போட்டுடுங்க, நூறு வருஷம் நிக்கும்.

ஏடும்_எழுத்தும்:

ஐயோ மாயாண்டி, ஒரே பதிவுல ரெண்டு கொலை பண்ணிட்டீங்க!

பேரன் தம்பி, நான் இருபது வருஷமா நூலகத்துல பழைய பேப்பரோட மாரடிக்கறவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். வெயில் வேண்டவே வேண்டாம். நோட்டீஸ் அடிக்கற பேப்பர் மட்டமான மரக்கூழ் பேப்பர், அதுலயே அமிலம் இருக்கு, வெயில் பட்டா இன்னும் மொறுமொறுனு ஆகி மடிச்ச இடத்துல அப்பளம் மாதிரி உடையும், கலரும் போயிடும். நிழல்ல, ஃபேன் நேரா படாத ரூம்ல, பழைய பருத்தி வேட்டி விரிச்சு அதுமேல பரப்புங்க, மெத்து பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. லேமினேஷன் பண்ணா அதைத் திரும்பப் பிரிக்க முடியாது, உள்ளயே வெந்து சாகும். செல்லோடேப் கூடவே கூடாது, பத்து வருஷத்துல அந்தப் பசை மஞ்சளாயி பேப்பரைத் தின்னுடும். குண்டூசி, ஜெம் கிளிப் இருந்தா துரு தெரியற பக்கமா மெதுவா கழட்டுங்க, இழுக்காதீங்க. பூச்சி ராமபாணமா இருக்கும், அது பசையையும் மாவுக் கஞ்சியையும் தேடித்தான் வரும், அதனால நோட்டு முதுகுல பாருங்க. ரசகற்பூரம், அந்துருண்டை எதையும் பேப்பர் மேல நேரா வைக்காதீங்க. வசம்பைத் துணியில முடிஞ்சு பெட்டி மூலைல வைக்கலாம், நம்ம ஆளுங்க ஏட்டுக்கு வச்சதுதான்.

இதெல்லாத்தையும் விட முக்கியம், பிரிக்காதீங்க. நோட்டீஸ் ஒரு பக்கம், லெட்டர் ஒரு பக்கம், பில்லு ஒரு பக்கம்னு அடுக்கணும்னு கை பரபரங்கும். உங்க தாத்தா எதை எதோட சேத்து வச்சாருங்கறதே ஒரு தகவல். ஒரு டைரிக்குள்ள அடகுச் சீட்டு இருந்தா அது அங்கயேதான் இருக்கணும். பெட்டியை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு அடுக்கா ஃபோட்டோ எடுத்துட்டு, பின்பக்க ஓரத்துல பென்சில்ல, பேனா கிடையாது பென்சில்ல, நம்பர் போடுங்க. அந்த யாவாரிகிட்ட நோட்டீஸை மட்டும் குடுத்தா பாம்புத் தோலை வித்த மாதிரி, பாம்பு போயிடும்.

கானாடுகாத்தான்:

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா யாவாரியை ரொம்பத் திட்டாதீங்க, எங்க பக்கத்து ஊர் கோட்டையூர்ல ரோஜா முத்தையானு ஒருத்தர் இருந்தாரு, சைன் போர்டு எழுதற தொழில்ல இருந்து வந்தவரு, புஸ்தகம் மட்டுமில்ல கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம்னு ஊர் குப்பைன்னு வீசினதையெல்லாம் சேத்தாரு. 1992ல அவர் போனதுக்கப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி அந்தச் சேகரிப்பை வாங்கி, வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போகாம சென்னையிலயே நூலகமா வச்சாங்க, இப்ப தரமணியில இருக்கு. இன்னைக்கு நாடகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஆளுங்க அங்கதான் போயி நோட்டீஸ் பார்க்கறாங்க. அதனால மொதல்ல அங்க ஒரு ஃபோன் போட்டுப் பேசிப் பாருங்க. குடுக்கணும்னு இல்ல, ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினலைத் திருப்பித் தர்ற வழியும் கேளுங்க.

இன்னொண்ணு. மதுரகவி பாஸ்கரதாஸ் தெரியும்ல? கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள், விஸ்வநாததாஸ்னு அத்தனை பேரும் அவர் பாட்டைப் பாடினவங்க, 1931ல வந்த முதல் தமிழ் பேசும்படம் காளிதாஸுக்கும் பாட்டு அவருதான். அவரு 1917லேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல டைரி எழுதியிருக்காரு, பேரன் முருகபூபதிதான் (மணல்மகுடி நாடகக்காரர்) அதைத் தொகுத்துப் புஸ்தகமா கொண்டு வந்தாரு. பேரனுங்க மனசு வச்சாத்தான் இதெல்லாம் நடக்குது தம்பி, மகனுங்க பண்ண மாட்டாங்க, அவங்களுக்கு அப்பன் மேல கோவம் பாக்கி இருக்கும்.

ராஜபார்ட்_பேரன்:

கடைசி வரி சுருக்னு இருந்துச்சு அண்ணே. மாமா ரெண்டு பேரும் பெட்டியைத் தொடவே இல்ல.

அக்கா சொன்ன மாதிரி நிழல்ல பரப்பிட்டேன், அடுக்கடுக்கா ஃபோட்டோவும் எடுத்தாச்சு. ஒரு சந்தேகம். கணக்கு நோட்டு ஒண்ணோட கடைசிப் பக்கங்கள்ல ஆளுங்க பேரா எழுதி பக்கத்துல 5, 5½, 4½னு நம்பர் போட்டிருக்காரு. சம்பளம்னு நெனச்சேன், ஆனா அஞ்சரை ரூபா சம்பளமா? சில பேருக்கு நேரா "த. ஜாஸ்தி"னும் சில பேருக்கு "பாட்டு முடிச்சு எடு"னும் ஒருத்தருக்கு மட்டும் "சிரிக்கும், விட்டுவிடு"னும் இருக்கு. ஏதாவது புரியுதா?

கட்டை_அஞ்சரை:

தம்பி!! இது சம்பளம் இல்ல, கட்டை. எங்கப்பா நாடகத்துல ஆர்மோனியம், அதான் என் பேரே இது. ஒரு கட்டைனா ஆர்மோனியத்துல சி, அஞ்சுனா ஜி, அஞ்சரைனா அதுக்கு அடுத்த கறுப்புக் கட்டை. எந்த ஸ்திரீபார்ட் எந்த சுருதியில பாடும்னு உங்க தாத்தா குறிச்சு வச்சிருக்காரு.

ஏன் குறிக்கணும்னு கேப்பீங்க. கம்பெனி நாடகம்னா ஒரே குழு, ஒண்ணா சாப்பிட்டு ஒண்ணா தூங்கி ஒத்திகை பார்த்து ஆடறது. ஸ்பெஷல் நாடகம் அப்படி கிடையாது, ராஜபார்ட்டை ஒரு ஊர்லேர்ந்து, ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊர்லேர்ந்து, பபூனை, டான்ஸை, மிருதங்கத்தைத் தனித்தனியா ஏஜெண்ட் புக் பண்ணுவாரு, அவங்க எல்லாரும் ராத்திரி எட்டு மணிக்கு ஏதோ ஒரு மாரியம்மன் கோவில் பொட்டல்ல, மேக்கப் போட வந்த எடத்துலதான் ஒருத்தர ஒருத்தர் பார்ப்பாங்க. ஒத்திகை கிடையவே கிடையாது. பத்து மணிக்கு பபூன் ஏறினா விடியிற வரைக்கும் ஓடணும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச பாட்டும் கதையும் எல்லாருக்கும் மனப்பாடம்ங்கற ஒரே நம்பிக்கையிலதான் அந்த வண்டி ஓடுது. அப்ப எதுக்க நிக்கற அம்மா அஞ்சரையில பாடற ஆளுன்னு தெரியாம நாலுல எடுத்தா என்னாகும்? மைக் இல்லாத காலத்துலேர்ந்தே ஆம்பளைங்களும் உச்சத்துல பாடித்தான் பழக்கம், கிட்டப்பா பாடினது கடைசி வரிசை தாண்டி டீக்கடை வரைக்கும் கேக்கும்னு எங்கப்பா அவுங்கப்பா சொல்லிக் கேட்டது. பாவம் 27 வயசுல போயிட்டாரு, 1933.

"த. ஜாஸ்தி"னா தர்க்கம் ஜாஸ்தி. வள்ளி திருமணத்துல தினைப்புனத்துல வேலனும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவாங்கல்ல, அது எழுதி வச்சது பாதி, மிச்சம் மேடையிலயே வாய்க்கு வாய். சில ஸ்திரீபார்ட் அம்மாக்கள் தர்க்கத்துல ஆளை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க, கீழ கூட்டம் விசிலடிக்கும், ராஜபார்ட் முழிக்கணும். அதுக்குத்தான் குறிப்பு. "பாட்டு முடிச்சு எடு"னா அந்த ஆளு பாடும்போது குறுக்க நுழையாதே, கோவம் வரும்னு அர்த்தமா இருக்கும். "சிரிக்கும், விட்டுவிடு" எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி. சீனுக்கு நடுவுல சிரிச்சுடும் அந்தப் பொண்ணு, கண்டுக்காத, விட்டுருனு.

இந்த நாலு பக்கத்துக்கு முன்னாடி அந்த இருநூறு நோட்டீஸும் தூசு. ரேட்டு பேசின யாவாரிகிட்ட இதைக் காட்டினீங்களா?

ராஜபார்ட்_பேரன்:

காட்டினேன். "கிறுக்கல்"னு சொன்னாரு.

மொக்கை_மாயாண்டி:

நான் லேமினேஷன் வார்த்தையை வாபஸ் வாங்கறேன். ஆனா நெஜமாவே ஒரு கேள்வி, கிண்டல் இல்ல. ஒரு பேர் தெரியாத நடிகரோட மளிகைக் கணக்கையும் டைலர் பில்லையும் ஸ்கேன் பண்ணி யாரு படிக்கப் போறா? பாகவதர், கே.பி.எஸ் மாதிரி ஆளுங்கனா சரி. எல்லா வீட்டுத் தாத்தா பேப்பரையும் காப்பாத்தணும்னா தமிழ்நாட்டுல மனுஷன் இருக்க எடம் இருக்காது.

ஏடும்_எழுத்தும்:

நியாயமான கேள்வி, ஆனா தலைகீழா இருக்கு. கே.பி.எஸ் 1935 நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் வாங்கினாங்கன்னு ஊருக்கே தெரியும். அதே காலத்துல மணப்பாறைப் பக்கம் ஒரு ராத்திரி பூரா ஆடின ஒரு பெண்ணுக்கு என்ன கெடைச்சுது, அட்வான்ஸ் எவ்வளவு, மழை பெஞ்சு நாடகம் நின்னா பாக்கி வந்துச்சா, ஆடி மாசமும் மார்கழி மாசமும் என்ன சாப்பிட்டாங்க, இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு சொல்லுங்க? பெரிய ஆளுங்க சுயசரிதை எழுதிட்டாங்க. அவ்வை சண்முகம் சுவாமிகள்கிட்ட சின்னப் பிள்ளையா சேந்து நடிச்ச காலத்தையெல்லாம் எழுதினதாலதான் அந்தக் கம்பெனிங்களைப் பத்தி நமக்கு இவ்வளவாவது தெரியுது. ஸ்பெஷல் நாடகக்காரங்க யாரும் அப்படி உக்காந்து எழுதல, அவங்க எழுதினது கணக்குதான். அதனால கணக்குதான் அவங்க சுயசரிதை. பேரன் தம்பி, முடிஞ்சா ஒரு பக்கம் டைப் பண்ணிப் போடுங்க, ஆளுங்க பேரை மட்டும் மறைச்சு.

ராஜபார்ட்_பேரன்:

ஒரு பங்குனிப் பக்கம் அப்படியே போடறேன். பேருக்குப் பதிலா புள்ளி.

"வள்ளி. ஊர் ... . பேசியது 40-0-0. அட்வான்ஸ் 10-0-0. வரவு 25-0-0. பாக்கி 5-0-0 ஏஜெண்ட் கையில். பஸ் 1-6-0. முத்துவெள்ளை, அரிதாரம் 0-12-0. ஜிகினா 0-8-0. டோப்பா சீர் செய்தது 1-0-0. காபி 0-3-0. வீட்டுக்கு அரிசி. ம.ஆ. 5-0-0."

பக்கத்துலயே மார்ஜின்ல "தொண்டை கட்டு. மிளகு." அவ்வளவுதான். வருஷம் எழுதல. ம.ஆ.னா மணியார்டர்னு நெனைக்கிறேன். அது யாருக்குன்னும் நெனைக்கிறேன். மாசா மாசம் வருது.

கானாடுகாத்தான்:

ரூபா-அணா-பைசா கணக்கு, அப்ப 1957க்கு முந்தி. நயா பைசா அந்த வருஷம்தான் வந்துச்சு. ஊர்ப்பக்கம் அதுக்கப்புறமும் அணாவுல பேசினாங்கதான், ஆனா எழுதும்போது மாறிடும். நோட்டீஸ்ல தமிழ் வருஷம் போட்டிருக்கா பாருங்க.

ராஜபார்ட்_பேரன்:

அந்த நோட்டுக்குள்ள மடிச்சு வச்சிருந்த நோட்டீஸ்ல "மன்மத வருஷம் பங்குனி"னு இருக்கு, அதே ஊர்ப் பேரு.

கானாடுகாத்தான்:

அப்ப 1956 மார்ச் ஏப்ரல். மன்மத வருஷம் அறுவது வருஷத்துக்கு ஒருக்கா வரும், 1896லயோ 2016லயோ உங்க தாத்தா ஆடியிருக்க மாட்டாருல்ல. பார்த்தீங்களா, நோட்டீஸை மட்டும் வித்திருந்தா கணக்குக்கு வருஷம் கெடைச்சிருக்காது, கணக்கு இல்லாம நோட்டீஸை மட்டும் பார்த்தா 25 ரூபா வரவுங்கற தகவல் கெடைச்சிருக்காது. அக்கா பிரிக்காதீங்கனு சொன்னது இதுக்குத்தான்.

வக்கீல்_குமாஸ்தா:

லேட்டா வர்றேன். அந்தப் போலீஸ் பர்மிஷன் பேப்பரைத் தனியா பத்திரமா வைங்க. நாடகத்தை அடக்கறதுக்குனே வெள்ளைக்காரன் 1876ல ஒரு சட்டம் போட்டான், நாடகப் பிரதியைக் காட்டு, இல்லனா தடைனு. சுதேசிப் பாட்டு பாடினதுக்காக விஸ்வநாததாஸை மேடையிலேர்ந்தே பிடிச்சுட்டுப் போன கதையெல்லாம் அந்தக் காலத்துதான், மனுஷன் கடைசியில 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில முருகன் வேஷத்துல மயில் மேல உக்காந்தபடியே மேடையில உசுரை விட்டாரு. சுதந்திரம் வந்தா சட்டம் போயிடும்னு பார்த்தா 1954ல நம்ம மாநிலத்துக்குனே தனியா ஒண்ணு வந்துச்சு, எம்.ஆர்.ராதா நாடகமெல்லாம் அதுல மாட்டுச்சு. அந்தச் சட்டத்தோட முக்கியமான பிரிவுகளைச் சென்னை ஹைகோர்ட் செல்லாதுனு சொன்னது 2013லதான், ஞாநி போட்ட கேஸ்ல. உங்க தாத்தா வள்ளி திருமணம் போடறதுக்கே பர்மிஷன் வாங்கினாருன்னா அதுல என்ன கண்டிஷன் போட்டிருக்கான்னு படிச்சுப் பாருங்க.

அப்புறம் லெட்டர் விஷயம். பேப்பர் உங்களோடது. ஆனா எழுத்து உங்களோடது இல்ல, எழுதினவங்களோடது. அவங்க செத்தாலும் பதிப்புரிமை அவங்க வாரிசுக்குத்தான். நெட்ல தூக்கிப் போட்டுடாதீங்க.

ராஜபார்ட்_பேரன்:

கண்டிஷன் படிச்சேன் சார். "அரசியல் சம்பந்தமான பாட்டோ வசனமோ கூடாது"ன்னு இருக்கு, அதுக்கு அடியில "விரசமான நடனம் கூடாது"ன்னு இருக்கு, பின்பக்கம் தாத்தா பென்சில்ல "பபூனிடம் சொல்லவும்"னு எழுதியிருக்காரு. நான் சிரிச்ச சிரிப்புல அம்மா உள்ளேர்ந்து ஓடி வந்துட்டாங்க.

லெட்டர்தான் இன்னும் ஓடல. பெரியம்மா நேத்து ஒரு மணி நேரம் ஃபோன்ல. "நாடகக்காரன் மகள்னு சொல்லி எனக்கு ரெண்டு வரன் தட்டிப் போச்சு, இப்ப என் பேத்திக்கு வரன் பார்க்கற நேரத்துல இதை ஊருக்குப் படம் புடிச்சுக் காட்டுவியா"னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

கட்டை_அஞ்சரை:

அது பெரியம்மா தப்பு இல்ல தம்பி. நாடகம் பார்க்க மட்டும் விடிய விடிய உக்காருவானுங்க, வாடகைக்கு வீடு கேட்டா கதவைச் சாத்துவானுங்க. எங்கக்காவுக்கும் இதே கதிதான்.

ஆனா எரிக்க விடாதீங்க. கே.பி.எஸ் அம்மா கிட்டப்பாவுக்கு எழுதின லெட்டரெல்லாம் அச்சுலயே வந்திருக்கு. அதைப் படிச்சுத்தான் அந்தம்மா பட்ட பாடு என்னன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுது, இல்லனா வெள்ளைப் பொடவையும் கணீர்க் குரலும் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஏடும்_எழுத்தும்:

அதை இதோட சேக்காதீங்க அண்ணா. கே.பி.எஸ் ஊரறிஞ்ச ஆளு, மேலவை வரைக்கும் போனவங்க. இந்தம்மா ஒரு ஆளுக்கு, அந்த ஆளு மட்டும் படிக்கணும்னு எழுதினாங்க. அவங்களுக்கும் எங்கயோ பேரப்பிள்ளைங்க இருக்கும், அவங்களுக்கும் ஒரு வரன் பார்க்கற நேரம் இருக்கும்ல? எரிக்கறதுக்கும் ஊருக்குப் போடறதுக்கும் நடுவுல நெறைய எடம் இருக்கு. நூலகத்துக்குக் குடுத்தாக்கூட இத்தனை வருஷம் யாரும் தொறக்கக் கூடாதுனு எழுதி வாங்கிக்கலாம். குடுக்காம வீட்டுலயே வச்சுக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல, பேப்பர் அறுவது வருஷம் காத்திருந்துச்சு.

நீங்க படிச்சீங்களா தம்பி அதை?

ராஜபார்ட்_பேரன்:

உண்மையைச் சொல்றேன், மூணு படிச்சேன். காதல் கடிதம்னு பயந்துதான் தொறந்தேன். மொத லெட்டர்ல பாதி, ஏஜெண்ட் பாக்கி தரல, நீங்க கேட்டு வாங்குங்க. ரெண்டாவதுல, வைகாசியில இன்ன தேதி கோவலன், மாதவி யாருனு தெரியல, நீங்க வர்றதா இருந்தா நான் கண்ணகி ஒத்துக்கறேன், வேற ராஜபார்ட்னா நாலு கட்டைக்கு எறங்கச் சொல்வாரு, என்னால ஆகாது. மூணாவதுல காய்ச்சல், தொண்டைக்கு என்ன சாப்பிட்டீங்க, மிளகு போட்டீங்களா. கடைசி வரி மட்டும் வேற மாதிரி இருந்துச்சு, அதை இங்க எழுத மாட்டேன்.

எதைத் தொழில்னு எடுத்து வைக்கிறது, எதைச் சொந்தம்னு எரிக்கிறது? ஒரே வரியில ரெண்டும் இருக்கு.

வடலி:

நான் யாழ்ப்பாணம், இப்ப வேற நாட்டில. இதை வாசிச்சிட்டு நித்திரை வரேல்ல, அதால எழுதுறன்.

எங்கட பக்கமும் இசை நாடகம் எண்டால் விடிய விடியத்தான். இந்தியாவில இருந்து வந்த நாடகக் கொம்பனிகளைப் பாத்துப் பாத்து எங்கட ஆக்கள் பழகினது. உங்கட கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் 1926 இல சந்திச்சதே கொழும்பு மேடையிலதானே. பிறகு எங்களுக்கு எண்டு நடிகமணி வைரமுத்து வந்தார், அவற்ற மயான காண்டத்தில அரிச்சந்திரன் சுடலையில பாடேக்க சனம் விம்மி விம்மி அழும். என்ர அம்மப்பா அவையளோட ஒரு பின்னணிக்காரர், ஆர்மோனியம். அவரிட்டயும் ஒரு பெட்டி இருந்தது. உங்கட மாதிரித்தான், நோட்டீஸ், பாட்டுக் கொப்பி, கணக்கு. 95 ஒக்டோபரில சண்டையால இடம்பெயரேக்க சைக்கிளில ஆர்மோனியத்தை வைக்கிறதோ பெட்டியை வைக்கிறதோ எண்டு ஒரு கதை வந்தது. ஆர்மோனியத்தை வைச்சவை. திரும்பிப் போகேக்க வீட்டுக் கூரையே இல்லை.

ஆர்மோனியம் இப்பவும் கிடக்கு, வாசிக்க ஆள் இல்லை. அவர் ஆருக்கு எந்தக் கட்டையில வாசிச்சவர் எண்டு சொல்லவும் ஒருத்தரும் இல்லை. நூலகம் வலைத்தளத்தில எங்கட ஊர்ப் பழசுகளைத் தேடித் தேடிப் பாப்பன், எங்கயாவது ஒரு நோட்டீஸில அவற்ற பேர் வராதோ எண்டு. பெரியம்மாவிட்ட ஒண்டு மட்டும் சொல்லுங்கோ தம்பி, எரிக்கிறதெண்டால் ஆறுதலா எரிக்கலாம், அதுக்கு அவசரமில்லை.

மொக்கை_மாயாண்டி:

அண்ணா... சரி. நான் ஒண்ணும் சொல்லல. பேரன், ஸ்கேன் பண்ண ஆள் வேணும்னா நான் திருச்சியிலதான் இருக்கேன், ஆபீஸ்ல பெரிய ஃப்ளாட்பெட் ஸ்கேனர் இருக்கு, ஞாயித்துக்கிழமை சும்மாதான் கெடக்கு.

ஏடும்_எழுத்தும்:

மாயாண்டி, நீங்க நல்லா இருக்கணும். நோட்டீஸ், கணக்கு, பாட்டு நோட்டு எல்லாம் 400 டிபிஐ கலர்ல எடுங்க, கறுப்பு வெள்ளை வேண்டாம், பென்சில் குறிப்பு காணாம போயிடும். மொதல்ல டிஃப் ஃபைலா வச்சுக்கிட்டு அப்புறம் சின்னதாக்குங்க. பின்பக்கம் காலியா இருந்தாலும் எடுங்க, "பபூனிடம் சொல்லவும்" ஞாபகம் இருக்கட்டும். முதுகு விட்ட நோட்டை ஸ்கேனர் மேல போட்டு அமுக்காதீங்க, அதை மட்டும் மேலேர்ந்து கேமராவுல எடுங்க. பாட்டு நோட்டுல சுவாமிகள் பாட்டு இருந்தா தாராளமா வெளியிடலாம், அவர் 1922லயே இறந்துட்டாரு. ஆனா தாத்தா இட்டுக்கட்டின பாட்டும் நடுவுல கலந்து இருக்கும், அது குடும்பத்துச் சொத்து, தனியா குறிச்சுக்குங்க.

ஊர்ல நாடக நடிகர் சங்கம் இருக்கும், புதுக்கோட்டையிலயும் மதுரையிலயும் இருக்கு, வயசான கலைஞர்கள் இருக்காங்க. அந்தக் கட்டை லிஸ்ட்டை எடுத்துட்டுப் போயி அவங்ககிட்ட உக்காருங்க, ஃபோன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு. அந்த ஆளுங்க போயிட்டா வெறும் நம்பர்தான்.

ராஜபார்ட்_பேரன்:

பத்து நாளா வரல, மன்னிக்கணும். நடந்ததைச் சொல்றேன்.

மாயாண்டி சார் ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து நோட்டீஸ் பூரா முடிச்சுட்டாரு (சாப்பாடு கூட வேண்டாம்னுட்டாரு, ஆனா எங்கம்மா பண்ணின கோலா உருண்டையை டப்பாவுல வாங்கிட்டுப் போனாரு). சங்கத்துல ஒரு தொண்ணூறு வயசு பின்பாட்டுக்காரர் கெடைச்சாரு, லிஸ்ட்டை நான் படிக்கப் படிக்க ஒவ்வொரு பேருக்கும் அந்தக் கட்டையில ஒரு வரி எடுத்தாரு. மூச்சு வாங்குது, ஆனா சுருதி போகல. "சிரிக்கும், விட்டுவிடு"க்கு வந்ததும் அவரே சிரிச்சுட்டாரு, ஆமா அது சிரிக்கும்னாரு. யாருன்னும் சொன்னாரு. மஞ்சத்துணிக் கட்டோட கையெழுத்து அதே பேருதான்.

வீட்டுக்கு வந்து அதை பெரியம்மாகிட்ட சொன்னேன். வடலி அண்ணன் பதிவையும் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. மறுநாள் அந்த லெட்டர் கட்டை எடுத்துட்டு வரச்சொன்னாங்க. போச்சுனு நெனச்சேன். வாங்கி மடியில வச்சுக்கிட்டு, "நூலகத்துக்கும் குடுக்க வேணாம், எரிக்கவும் வேணாம், என் பீரோவுல இருக்கட்டும், நான் இருக்கற வரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது"ன்னாங்க. சரின்னேன். அப்புறம் என்னமோ நம்பர் போடணும்னியே அது எப்படினு கேட்டாங்க. பென்சில்ல பின்பக்க ஓரத்துலனு சொன்னேன். "நானே போட்டுக்கறேன், நீ போ"ன்னாங்க.

இன்னைக்குக் காலைல ஃபோன் பண்ணி, 27வது லெட்டர்ல தேதி போடல, போஸ்டாபீஸ் முத்திரையும் மங்கிப் போச்சு, வரிசையில எங்க வைக்கிறதுனு அந்த நெட்டுக்காரங்ககிட்ட கேளுன்னாங்க. வேற எதுவும் சொல்லல. நம்பர் போட லெட்டரைப் படிக்க வேண்டியதில்லயேனு நானும் கேக்கல.

கானாடுகாத்தான்:

கார்டா, கவரா? கார்டுனா மூலைல அச்சடிச்ச ஸ்டாம்ப்ல விலை என்ன போட்டிருக்குன்னு பார்க்கச் சொல்லுங்க. அணானா 57க்கு முந்தி. நயா பைசானா 57லேர்ந்து 64க்குள்ள, 64ல நயா எடுத்துட்டு வெறும் பைசா ஆயிடுச்சு.

ராஜபார்ட்_பேரன்:

கேட்டேன் அண்ணே. கண்ணாடி எடுத்துட்டு வர்றேன் இருனு போனாங்க, லைன்லயே இருக்கேன்.

நயா பைசாதானாம்.